ஒற்றைப் பட்டை இருக்கிறது, நொதி எங்கே போயிற்று?

வாசகர் கேள்வி

பல்கலைக்கழகப் புரத உயிர்வேதியியல் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஒரு பாக்டீரியாவின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதிக்கான மரபணுவை ஈ.கோலையில் புகுத்தி, ஆறு ஹிஸ்டிடின் கொண்ட வாலோடு உற்பத்தி செய்து, நிக்கல் பிசின் நிரப்பிய குழாயில் பிரித்தெடுக்கிறேன். ஆல்டிஹைடு சேர்த்ததும், நொதி செலவழிக்கும் துணைநொதியான என்ஏடிஎச் குறைவதை 340 நேனோமீட்டரில் அளக்கிறேன். செல்களை உடைத்தெடுத்த கச்சாச் சாற்றில் 400 மில்லிகிராம் புரதமும் 80 யூனிட் வினைத்திறனும் இருந்தன. நிக்கல் குழாயில் ஏற்றி, பிசினிலிருந்து வாலை விடுவிக்கும் இமிடசோலை 250 மில்லிமோலார் அளவில் விட்டு வெளியேற்றி, குளிர் அறையில் இரவு முழுவதும் டயாலிசிஸ் செய்தபின் (சவ்வுப் பையில் வைத்துப் பஃபரை மாற்றியபின்) 18 மில்லிகிராம் புரதம் கிடைத்தது. ஜெல்லில் ஒரே பட்டை, எதிர்பார்த்த 37 கிலோடால்டனிலேயே இருக்கிறது. ஆனால் வினைத்திறன் 3 யூனிட்தான். ஐந்து முறை செய்தும் இதே கதை. டயாலிசிஸ் பஃபர் ஆய்வகத்தில் எல்லோரும் பயன்படுத்துவது: டிரிஸ், பிஎச் 8.0, உலோகங்களைப் பற்றும் ஈடிடிஏ ஒரு மில்லிமோலார், புரதத்தின் கந்தக முனைகளை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் டைதயோதிரைட்டால் ஒரு மில்லிமோலார். வேறு நொதிக்கு மாறிவிடலாமா என்று வழிகாட்டிப் பேராசிரியர் யோசிக்கிறார். அடுத்த மாதம் ஆண்டு மதிப்பீட்டுக் குழுவின் முன் நிற்க வேண்டும். கச்சாச் சாற்றில் கிடைத்த அளவையே என் நொதியின் வினைத்திறனாகக் காட்டிவிடு என்கிறார் ஒரு மூத்த மாணவர். நான் என்ன செய்வது?

பதில்

அன்புள்ள ஆய்வு மாணவிக்கு,

இதே வகைக் குறையோடு எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "புரதம் வேலை செய்யவில்லை" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். நீங்கள் எண்களையும் பஃபரில் இருப்பவற்றையும் எழுதி அனுப்பியிருப்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். ஐந்து முறை செய்தும் ஒரே முடிவு வந்தது என்று சலித்துக்கொள்கிறீர்கள். ஆனால் உங்கள் கைத்தவறு காரணமாக இருந்தால் ஒருமுறை 3 யூனிட்டும் மறுமுறை 30 யூனிட்டும் வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இழப்பு ஏற்படுகிறது என்றால், நீங்கள் ஒழுங்காகத்தான் செய்கிறீர்கள் என்றும், செய்முறைக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் அதே வேலையைச் செய்கிறது என்றும் கொள்ள வேண்டும். ஆறாவது முறையும் அப்படியே செய்வதில் பயனில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

காணாமல் போனதைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டாக வேண்டும். கச்சாச் சாற்றில் நீங்கள் அளந்த அந்த 80 யூனிட்டும் உங்கள் நொதியுடையதுதானா? 340 நேனோமீட்டரில் ஒளி உட்கவர்தல் குறைகிறது என்பது என்ஏடிஎச் குறைகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதைக் குறைத்தது யார் என்று குவெட்டுக்கு (அளவிடும் சிறு குப்பிக்கு) தெரியாது. ஈ.கோலையின் செல் சவ்வில் சுவாசச் சங்கிலியின் என்ஏடிஎச் ஆக்சிஜனேற்ற நொதிகள் இருக்கின்றன. செல்லை உடைக்கும்போது அச்சவ்வும் சிதறிச் சிறு துணுக்குகளாகிச் சாற்றில் மிதக்கும்; அவற்றுக்கு உங்கள் ஆல்டிஹைடு தேவையே இல்லை, கரைந்திருக்கும் ஆக்சிஜனே போதும். அது தவிர, ஆல்டிஹைடை ஒடுக்கும் நொதிகள் ஈ.கோலைக்குச் சொந்தமாகவும் உண்டு. ஆகவே இரண்டு ஒப்பீடுகள் உங்களுக்குத் தேவை. குவெட்டில் பஃபர், என்ஏடிஎச், சாறு மூன்றையும் முதலில் விட்டு, கோடு எந்தச் சரிவில் இறங்குகிறது என்று இரண்டு நிமிடம் பாருங்கள். பிறகு ஆல்டிஹைடைச் சேர்த்து, சரிவு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். அந்தக் கூடுதல் மட்டுமே கணக்கில் சேரும். உங்கள் மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிடை (மரபணுவை ஏற்றிச் செல்லும் டிஎன்ஏ வளையத்தை) சுமக்கும் அதே ஈ.கோலையை அதே முறையில் வளர்த்து, உடைத்து, அளப்பது இரண்டாவது ஒப்பீடு. முதலாவது சவ்வின் வேலையைப் பிரித்துக் காட்டும்; ஈ.கோலையின் சொந்த ஆல்டிஹைடு நொதிகள் அதில் அகப்படா என்பதால் இரண்டாவதைத் தவிர்க்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதை உங்கள் எண்களைக் கொண்டே சொல்லிவிடுகிறேன். 80 யூனிட்டும் உங்களுடையது என்றால், 3 யூனிட் என்பது நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. நொதி அநேகமாக முழுவதும் பாழாகியிருக்கிறது. வெற்றுப் பிளாஸ்மிட் சாறே 60 யூனிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் நொதியின் பங்கு 20 யூனிட்தான். அதில் 3 மிஞ்சியிருந்தால் 15 விழுக்காடு. அதுவும் நல்ல விளைச்சல் அல்ல என்றாலும், நோய் வேறு, மருந்தும் வேறு. வெற்றுச் சாறும் ஏறத்தாழ 80 காட்டினால், நீங்கள் எட்டு மாதமோ பத்து மாதமோ தேடியது உங்களிடம் இருந்ததே இல்லை. அந்த ஆல்டிஹைடு உங்கள் நொதிக்கு ஏற்ற வினைப்பொருள்தானா என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு நாள் வேலையில் தெரிந்துவிடக்கூடிய இந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் செய்யாதீர்கள்.

ஒப்பீட்டில் பெரும்பகுதி உங்களுடையதே என்று தெரிந்தால், அடுத்து உங்கள் கணக்கில் விடுபட்டிருக்கும் நடு வரியை எழுத வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் அளந்திருக்கிறீர்கள். நிக்கல் குழாயிலிருந்து வெளியேறிய கரைசலை அளக்கவில்லை. இமிடசோல் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு மில்லிலிட்டர் குவெட்டில் பத்து மைக்ரோலிட்டர் மட்டுமே விடுகிறீர்கள் என்றால் 250 மில்லிமோலார் இமிடசோல் நூறு மடங்கு நீர்த்து 2.5 மில்லிமோலார் ஆகிவிடும். அந்த அளவு உங்கள் நொதியைத் தடுக்கிறதா என்ற ஐயம் இருந்தால், கச்சாச் சாற்றோடு அதே பத்து மைக்ரோலிட்டர் வெளியேற்றும் பஃபரையும் விட்டு அளந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் ஐயம் தீர்ந்துவிடும். புரத அளவை 280 நேனோமீட்டரில் எடுப்பதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. இமிடசோலும் அங்கே ஓரளவு ஒளியை உட்கவரும் என்பதால், வெறும் நீருக்குப் பதிலாக அதே இமிடசோல் பஃபரை வைத்துச் சுழியாக்குங்கள்.

குறிப்பேட்டில் ஒரு முழுப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். கச்சாச் சாறு, பிசினில் ஒட்டாமல் வழிந்தோடியது, கழுவிய நீர், இமிடசோலில் வெளியேறியது, டயாலிசிஸுக்குப் பின் இருப்பது என்று ஐந்து வரிகள். ஒவ்வொன்றுக்கும் கன அளவு, மொத்தப் புரதம், மொத்த யூனிட், ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட், தொடக்கத்தில் எத்தனை விழுக்காடு என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு நிலையிலும் நூறு மைக்ரோலிட்டரைத் தனியே எடுத்துப் பனிக்கட்டியில் வையுங்கள்; கணக்கு நேராகும் வரை எதையும் கழிவுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது, வழிந்தோடியதில் என்ன இருக்கப்போகிறது என்று அதை மூன்று வாரம் தொடர்ந்து ஊற்றிவிட்டு, பிசினை மாற்றி, பஃபரை மாற்றி, பொறுமையையும் இழந்தபின், ஒரு நாள் தொட்டியைக் கழுவ மறந்துபோனதால் மிஞ்சிய ஒரு குடுவைக் கரைசலை ஜெல்லில் ஓடவிட்டேன். என் புரதம் முழுவதும் அதில்தான் இருந்தது. செல்லை உடைக்கும் பஃபரில் நானே கலந்திருந்த ஈடிடிஏ, குழாயிலிருந்து நிக்கலை உரித்தெடுத்துவிட்டிருந்தது. நீலமாக இருந்த பிசினின் மேற்பகுதி ஒவ்வொரு முறையும் வெளுத்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன், பார்த்ததை எழுதிவைக்கவில்லை. உங்கள் புரதம் பிசினில் ஒட்டியிருப்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த ஈடிடிஏவைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

ஜெல்லின் ஒற்றைப் பட்டையைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் தொனியில், பட்டை சரியாக இருக்கும்போது நொதி மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்ற வியப்பு தெரிகிறது. அந்த ஜெல்லுக்கு மாதிரியை எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எஸ்டிஎஸ் என்னும் சோப்பு போன்ற பொருளையும், டைசல்பைடு பிணைப்பை அறுக்கும் மெர்காப்டோ எத்தனாலையும் சேர்த்து, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கிறீர்கள். மடிப்பு குலைந்து, துணை அலகுகள் பிரிந்து, கூட இருந்த உலோகமும் துணைநொதியும் கழன்று, வெறும் சங்கிலியாகத்தான் புரதம் ஜெல்லுக்குள் நுழைகிறது. லேம்லி 1970-இல் வெளியிட்ட முறையின் சிறப்பே அதுதான். சங்கிலியின் நீளத்தைத் தவிர மற்ற வேறுபாடுகளையெல்லாம் அழித்துவிடுவதால்தான் அளவு துல்லியமாகத் தெரிகிறது. உயிரோடு இருந்த புரதமும் செத்த புரதமும் அங்கே ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆகவே உங்கள் 37 கிலோடால்டன் பட்டை, சங்கிலி முழுதாக இருக்கிறது, வேறு புரதங்கள் பெரும்பாலும் நீங்கிவிட்டன என்ற இரண்டு செய்திகளைத் தருகிறது. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

வேறு புரதங்கள் நீங்கின என்பதை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். தூய்மையாக்குதல் என்றால் வேண்டாதவற்றை விலக்குதல் என்று நாம் பழகிவிட்டோம். விலக்கியவற்றில் வேண்டியது ஒன்றும் போயிருக்கலாம். நொதியியலின் தொடக்க காலத்திலேயே இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. செல்லற்ற ஈஸ்ட் சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று பூக்னர் 1897-இல் காட்டியிருந்தார். ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அச்சாற்றை ஜெலட்டின் ஏற்றிய வடிகட்டி வழியாக அழுத்தத்தில் செலுத்தி, மேலே தங்கிய பகுதி, கீழே வடிந்த பகுதி என இரண்டாகப் பிரித்தார்கள். மேலே தங்கியது மட்டும் நொதிக்கவைக்கவில்லை. வடிந்தது மட்டும் நொதிக்கவைக்கவில்லை. இரண்டையும் மறுபடி கலந்தபோது குமிழி கிளம்பியது. கொதிக்கவைத்த சாற்றைச் சேர்த்தாலும் அது நடந்தது என்பதால், வடிந்தது வெப்பத்துக்கு அழியாத சிறு மூலக்கூறு என்று தெரிந்தது. இந்த வேலை 1906-இல் வெளியானது. பின்னாளில் கோசைமேஸ் என்று பெயர்பெற்ற அப்பொருளின் அடையாளம் முழுமையாகத் தெளிய 1930-கள் வரை ஆயிற்று. ஹார்டனுக்கு 1929-இல் ஆய்லர்-கெல்பினோடு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தப் பொருள்தான் என்ஏடி. அதன் ஒடுக்கப்பட்ட வடிவத்தைத்தான் நீங்கள் நாள்தோறும் பிப்பெட்டால் எடுத்துக் குவெட்டில் விடுகிறீர்கள்.

இந்த நூறாண்டுப் பழைய உத்தியை உங்கள் மேசையிலும் செய்து பார்க்கலாம். டயாலிசிஸ் முடிந்த புரதத்தோடு, நிக்கலில் ஒட்டாமல் வழிந்தோடிய கரைசலில் கொஞ்சத்தைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெண்மையாகத் திரண்ட புரதங்களை மையவிலக்கியில் படியவைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் சேர்த்து அளந்து பாருங்கள். கொதித்த நீர் மட்டும் தனியே எந்த வினைத்திறனும் காட்டாமல், கலவையின் வினைத்திறன் 3 யூனிட்டிலிருந்து எழும்பினால், உங்கள் நொதி செத்துவிடவில்லை, எதையோ இழந்து நிற்கிறது என்பது உறுதி. எழும்பாவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கழன்ற பொருள் மறுபடி ஏறுவதற்கு நேரமோ வேறு சூழலோ தேவைப்படலாம், அல்லது பஃபரிலேயே அதைத் தடுக்கும் ஒன்று இருக்கலாம். உங்கள் பஃபரில் அப்படி ஒன்று இருக்கிறது.

ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ்கள் ஒரே குடும்பம் அல்ல. ஏறத்தாழ 250 அமினோ அமிலம் நீளமுள்ள குறுஞ்சங்கிலிக் குடும்பத்துக்கு வினை மையத்தில் உலோகம் வேண்டியதில்லை. சுமார் 350 அமினோ அமிலம் நீளமுள்ள நடுச்சங்கிலிக் குடும்பத்தில் பெரும்பாலானவை துத்தநாகத்தை நம்பியிருப்பவை. இரும்பைச் சார்ந்த மூன்றாவது குடும்பமும் பாக்டீரியாக்களில் உண்டு. 37 கிலோடால்டன் என்ற அளவு நடுச்சங்கிலிக் குடும்பத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அளவை நம்பிச் சொல்வதைவிட, உங்கள் புரதத்தின் வரிசையைத் துத்தநாகக் குடும்பத்தின் வரிசைகளோடு இணைவைத்து, துத்தநாகத்தைப் பிடிக்கும் சிஸ்டைன்களும் ஹிஸ்டிடினும் உரிய இடங்களில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இருக்கின்றன என்றால், ஒரு மில்லிமோலார் ஈடிடிஏ நிறைந்த பஃபரில் துத்தநாக நொதியை இரவு முழுவதும் ஊறவைத்திருக்கிறீர்கள். துத்தநாகத்தை இறுகப் பற்றுவதில் ஈடிடிஏவுக்கு நிகரான பொருள்கள் குறைவு. கூடவே இருக்கும் டைதயோதிரைட்டாலும் தன் இரு தயோல் முனைகளால் துத்தநாகத்தைப் பிடிக்கக்கூடியதுதான். இந்த உலோகம் எவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதற்கு, ஈஸ்ட்டின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸையே சொல்லலாம்: அது 1937-இல் படிகமாக்கப்பட்டது, அதனுள் துத்தநாகம் இருக்கிறது என்று வாலியும் ஹாக்கும் காட்டியது 1955-இல். படிகமாகும் அளவுக்குத் தூய நொதி பதினெட்டு ஆண்டுகள் ஆய்வாளர் கையில் இருந்தும், உள்ளே ஓர் உலோகம் இருப்பது தெரியாமலே இருந்தது.

அந்தப் பஃபர் ஆய்வகத்துக்குள் எப்படி வந்தது என்று விசாரித்துப் பாருங்கள். எப்போதோ ஒருவர், அநேகமாக உலோகம் தேவைப்படாத ஒரு புரதத்துக்காக, உலோகத்தை நம்பியிருக்கும் புரதச்சிதைவு நொதிகளைத் தடுக்கவும், தயோல்கள் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கவும் ஈடிடிஏவைச் சேர்த்திருப்பார். அவருக்கு அது சரியான முடிவுதான். அவர் போய்விட்டார், புட்டியும் அதன் மேல் ஒட்டிய சீட்டும் தங்கிவிட்டன. எந்த ஆய்வகத்திலும் இப்படிப் பரம்பரைச் சொத்தாக இறங்கிவந்த பஃபர் ஒன்றாவது இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று கேட்கும் முதல் ஆள் பெரும்பாலும் அதனால் அடிபட்டவராகத்தான் இருப்பார்.

சோதனையை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன். அடுத்த முறை நிக்கல் குழாயிலிருந்து வெளியேறும் கரைசலை உடனே அளந்துவிட்டு, அதையே மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு வழக்கமான பஃபரில் டயாலிசிஸ் ஆகட்டும். இரண்டாவது பங்கு ஈடிடிஏவும் டைதயோதிரைட்டாலும் இல்லாமல், மற்றபடி அதே பஃபரில் டயாலிசிஸ் ஆகட்டும். மூன்றாவது பங்கைப் பைக்குள் போடாமல், குழாயில் மூடி, அவற்றுக்குப் பக்கத்திலேயே குளிர் அறையில் வையுங்கள். காலையில் மூன்றையும் ஒரே என்ஏடிஎச் கரைசலைக் கொண்டு, ஒரே நேரத்தில் அளந்தால், காரணம் ஏறக்குறைய அகப்பட்டுவிடும். மூன்றாவது பங்கு நன்றாக இருந்து முதலிரண்டும் கெட்டிருந்தால், டயாலிசிஸில் கழன்றுபோன எதுவோ காரணம். முதல் பங்கு மட்டும் கெட்டிருந்தால் ஈடிடிஏ அல்லது டைதயோதிரைட்டால். மூன்றுமே கெட்டிருந்தால் குளிரோ காலமோ புரதத்தின் செறிவோ காரணம், பஃபரைத் திட்டிப் பயனில்லை. ஒரே வெளியேற்றக் கரைசலைப் பங்கிடுவது முக்கியம். வேறுவேறு நாளில் எடுத்த புரதங்களை ஒப்பிட்டால் வேறுபாடு எதனால் வந்தது என்று மறுபடியும் வழக்காடிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன 18 மில்லிகிராமைத் துத்தநாகம் கொடுத்து மீட்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முயலலாம், ஆனால் கணக்கோடு முயலுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற செறிவில் உங்கள் புரதம் சுமார் 27 மைக்ரோமோலார். ஒரு சங்கிலிக்கு இரண்டு துத்தநாகம் என்று வைத்தாலும் 54 மைக்ரோமோலார் போதும். ஈடிடிஏவோ அதே கரைசலில் 1000 மைக்ரோமோலார் இருக்கிறது. நீங்கள் விடும் துத்தநாகம் முழுவதையும் அது விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். துத்தநாகம் பயன்படவில்லை என்று நீங்கள் தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள். ஈடிடிஏ இல்லாத பஃபரில் இரண்டு முறை மாற்றி டயாலிசிஸ் செய்து அதை விரட்டியபின், துத்தநாகக் குளோரைடைச் சங்கிலிக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் படிப்படியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பொறுத்து அளவிடுங்கள். அள்ளிக் கொட்டிவிடாதீர்கள்; மிகையான துத்தநாகம் வேறு இடங்களில் ஒட்டிக்கொண்டு புரதத்தையே திரளச் செய்துவிடும். பாஸ்பேட் பஃபரும் வேண்டாம், துத்தநாகப் பாஸ்பேட் வெண்படிவாக இறங்கும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இக்குடும்பத்தின் பல நொதிகளில் வினை மையத்தில் ஒரு துத்தநாகமும், நான்கு சிஸ்டைன்கள் பிடித்திருக்கும், மடிப்பைத் தாங்கும் துத்தநாகம் ஒன்றும் உண்டு. முதலாவது போனால் திரும்ப வைக்கலாம். இரண்டாவது போனால் தூண் உருவிய மண்டபம்போல மடிப்பே சரிந்திருக்கக்கூடும். எனவே மீட்பு தோற்றாலும், ஈடிடிஏ குற்றவாளி அல்ல என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மூன்று பங்குச் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

சில்லறைச் சந்தேகங்களையும் ஒரு முறை தொட்டுவிடுகிறேன். டிரிஸ் பஃபரின் பிஎச் வெப்பநிலையோடு நகரும்: ஒரு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 0.03 உயரும். 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது குளிர் அறையில் 4 டிகிரியில் 8.6-ஐ ஒட்டிவிடும், உங்கள் நொதிக்கு அது பொறுக்குமா என்று பாருங்கள், அல்லது பஃபரின் பிஎச்சைக் குளிர் அறையிலேயே சரிசெய்யுங்கள். காலையில் டயாலிசிஸ் பையைச் சாளர வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே பால் கலந்தது போன்ற மங்கலோ அடியில் வெண்துகளோ இருக்கிறதா என்று நோக்குங்கள். அந்த 18 மில்லிகிராமை மையவிலக்கியில் சுழற்றாமல் 280 நேனோமீட்டரில் அளந்திருந்தால், திரண்ட துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதையும் சேர்த்தே புரதம் என்று எண்ணியிருப்பீர்கள். புரதம் ஒளியை உட்கவராத 320 நேனோமீட்டரிலும் ஓர் அளவு எடுத்தால் இது வெளிப்பட்டுவிடும். இக்குடும்ப நொதிகள் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ சேர்ந்துதான் வேலை செய்யும் என்பதால், ஜெல் வடிகட்டல் குழாயில் ஒருமுறை ஓடவிட்டு, சேர்ந்திருக்கிறதா சிதறியிருக்கிறதா என்று அறிவதும் நல்லது. ஹிஸ்டிடின் வாலைப் பற்றி எல்லோரும் ஐயப்படுவார்கள். உங்கள் விஷயத்தில் அதைக் கடைசியில் பார்க்கலாம், ஏனெனில் கச்சாச் சாற்றிலும் நொதி அதே வாலோடுதான் இருந்தது.

நொதியை மாற்றுவது பற்றி. வழிகாட்டிப் பேராசிரியர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை; ஆய்வுக் காலம் அளவற்றது அல்ல. ஆனால் காரணம் தெரியாமல் மாறினால், அதே பஃபர், அதே குளிர் அறை, அதே பழக்கங்கள் அடுத்த நொதிக்கும் கூடவே வரும். அவரிடம் "இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று போய் நிற்காமல், ஐந்து வரிக் கணக்குப் பக்கத்தையும், வெற்றுப் பிளாஸ்மிட், மூன்று பங்கு ஆகிய இரண்டு சோதனைகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டுபோய், செல்களை வளர்ப்பது உட்பட இரண்டு வாரம் கேளுங்கள். அதன் முடிவில் எந்த எண் வந்தால் தொடர்வது, எந்த எண் வந்தால் விடுவது என்பதையும் முன்கூட்டியே இருவரும் பேசி எழுதிவையுங்கள். வெற்றுச் சாறும் உங்கள் சாறும் ஒரே அளவைக் காட்டினால், மாறலாம் என்று அவர் சொன்னதற்கு நானும் தலையசைப்பேன்.

மூத்த மாணவரின் யோசனையை ஏற்காதீர்கள். கச்சாச் சாற்றில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அதன் வினைத்திறனை உங்கள் நொதியின் பெயரில் எழுதுவது, வெற்றுப் பிளாஸ்மிட் ஒப்பீடு இல்லாத நிலையில், நீங்கள் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்வதாகும். குழுவில் நொதியியல் தெரிந்த ஒருவர் இருந்தால் அவருடைய முதல் கேள்வியே அந்த ஒப்பீடு எங்கே என்பதாகத்தான் இருக்கும். "கச்சாச் சாற்றின் மொத்த வினைத்திறன்" என்று தலைப்பிட்டு, வெற்றுச் சாற்றின் அளவைப் பக்கத்துத் தூணாகப் போட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் உங்களுடையது என்று காட்டினால் அதில் குற்றம் சொல்ல எவருக்கும் இடமில்லை. அந்த வேறுபாடு உங்கள் நொதியுடையதுதான் என்று ஐயமற நிறுவ வேண்டுமானால், துத்தநாகத்தைப் பிடிக்கும் சிஸ்டைன் ஒன்றை செரினாக மாற்றிய வடிவத்தை அதே வழியில் தயாரித்து அளக்க வேண்டும். அது ஒரு மாதத்துக்குள் முடியாது, திட்டமாகக் குறிப்பிட்டால் போதும். ஐந்து முறை தோற்றதையும் மறைக்க வேண்டாம்: ஐந்து தயாரிப்புகளின் கச்சாச் சாற்று யூனிட்டையும் இறுதி யூனிட்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, அதன் கீழே மூன்று பங்குச் சோதனையின் முடிவை வையுங்கள்.

கெட்டுப்போன அந்தப் புரதத்தையும் ஊற்றிவிடாதீர்கள். சிறு சிறு குழாய்களில் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, எந்தப் பஃபர், எந்தத் தேதி, எத்தனை யூனிட் என்று மூடியில் எழுதி, மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் வையுங்கள். அதில் துத்தநாகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அணு உட்கவர் நிறமாலைக் கருவி உள்ள ஏதேனும் ஒரு துறையில் அளந்து தருவார்கள். ஈடிடிஏ படாத பங்கையும், புரதம் இல்லாத டயாலிசிஸ் பஃபரையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள்.